மேசையைக் கலைத்த நூலகர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள சித்திக்கு,

பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தீர்களா? "அவ போன மறுநாளே கடுதாசியா?" என்று அம்மா சிரிக்கிறாள். போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பதிலாக நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி மாமா, தான் தூங்கவே இல்லை என்று எழுதச் சொன்னார். சொல்லும்போதே கொட்டாவி விட்டார்.

"மூணு வார மாநாடும் பயிற்சியும் முடிஞ்சு வந்ததும் சித்தி அப்பாவோட ஆபீஸ்ல சேரப்போறா. நீ நச்சரிக்காதே" என்று அம்மா சொன்னாள். நான் நச்சரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நூலகர் வேலையை நிஜமாகவே விட்டுவிடுவீர்களா? "உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்டி" என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் ஆபீசில் உங்களிடம் யார் வந்து, "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்பார்கள்?

மாநாட்டில் எல்லா நூலகர்களும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார்களா?

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
சுண்டெலி

பிப்ரவரி 7

என் சுண்டெலிக்கு,

கிசுகிசுவா! காது கிழிகிறது. வருஷம் முழுக்க 'உஷ்' சொல்லி அடக்கி வைத்ததை எல்லாரும் இங்கே வந்து கொட்டுகிறார்கள்.

ஒரு கூத்தைக் கேள். மாநாட்டுக் கூடத்து வாசலில் ஒருவர் மேசை போட்டுப் புத்தகம் விற்கிறார். சமையல் புத்தகமும் சரித்திரமும் ஒன்றாகக் கிடந்தன. என் கை சும்மா இருக்குமா? பொருள்வாரியாக அடுக்கிவிட்டுப் போனேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால், யாரோ உயர வரிசையில் மாற்றியிருக்கிறார்கள்! மறுபடி அடுக்கினேன். சாப்பிட்டு வந்தால் மறுபடி உயரம். ஒளிந்து நின்று பிடித்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

"ஏங்க, காலையிலேருந்து கலைக்கறது நீங்கதானா?"

"நல்லா இருக்கே! கலைக்கறது நீங்க, பழி எனக்கா?"

கடைக்காரர் கும்பிட்டே விட்டார். "தாயே, ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. நான் விக்கணும்!"

அந்த அம்மாள் வேறோர் ஊரில் பெரிய நூலகத்துக்குத் தலைவி. "உயரம் பார்த்து அடுக்கினா எப்படிங்க தேடுவாங்க?" என்று கேட்டேன். "பெரியவங்க தேடுவாங்க. குழந்தைங்க தேடாது, எட்டறதை எடுக்கும். சின்னப் புத்தகம் சின்னக் கைக்குப் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எண் வரிசை பிசகக் கூடாது என்று குழந்தைகள் கதைகளை நான் மேல்தட்டில் அல்லவா வைத்திருக்கிறேன்! நீ உரிமையோடு கேட்டாய், எடுத்துக் கொடுத்தேன். கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நானே விரட்டிவிட்டு, ஆள் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

காவலாளி அண்ணனை எழுப்பி, அவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றச் சொல். நீயும் கூட நில்.

உன் வாயாடித்தனம் குறையாமல் இருக்கட்டும்,
சித்தி

பிப்ரவரி 12

அன்புள்ள சித்திக்கு,

மாற்றிவிட்டோம்! தடித்தடிச் சட்டப் புத்தகங்கள் மேலே போயின. "சட்டத்தைத் தலைக்கு மேல வெச்சாச்சு, இனிமே யாரும் மீற முடியாது" என்றார் மாமா. அவர் முதுகுக்கு அம்மா தைலம் கொடுத்தனுப்பினாள்.

முதல் நாள் யாரும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள், எப்போதாவது தன் அம்மாவோடு வந்து மூலையில் நிற்பாளே பல் விழுந்த பாப்பா, அவள் தானே குனிந்து ஒன்றை உருவினாள். தரையிலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். மறுநாள் தன் வகுப்புப் பிள்ளைகளை இழுத்து வந்துவிட்டாள். இன்று உள்ளே கால் வைக்க இடமில்லை. மாமாவால் தூங்கவே முடியவில்லை. ஓட்டுவதற்கு ஒரு ஈகூட இல்லை சித்தி!

இனிமேல் ஆபீஸ் வேண்டாம்தானே?

துள்ளிக் குதிக்கும்,
சுண்டெலி

பிப்ரவரி 15

என் கண்ணே,

உன் கடிதத்தை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆபீஸ் வேண்டாம் என்று அத்தானுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். நான் நூலகர்தான். இதில் இனி மாற்றமில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அந்த அம்மாள் தன் நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு தளம் திறக்கப்போகிறாராம். "நீ வந்து நடத்தறியா?" என்று கேட்டார். இப்படி ஒரு வேலைக்குத்தான் நான் படித்தேன் என்று தோன்றியது. சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உன் முகம் நினைவுக்கு வந்ததும் சொல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஊர் நம் வீட்டிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம்.

உன்னைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. மனத்தில் உள்ளதை எழுது.

சித்தி

பிப்ரவரி 18

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? நூலகர் வேலையை விட்டுவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டே இருந்தேன். இந்த ஊரிலேயே என்று சேர்த்து வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன்.

அம்மா என் தலையை வாரிக்கொண்டே, "என்னடி எழுதப்போறே?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். "உனக்குத் தெரியும். ஜடையை இழுக்கிறேன்னு சொல்லி அழாம, போய் எழுது" என்றாள்.

போங்கள் சித்தி. சரி என்று சொல்லிவிடுங்கள். இங்கே யார் புதிதாக வந்தாலும், கீழ்த்தட்டுப் புத்தகம் ஒன்றுகூட மேலே ஏறாமல் நானும் பாப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம். அந்த நூலகத்தில் உறுப்பினராக உள்ளூர் முகவரி கேட்பார்களா? கேட்டால் உங்கள் புது வீட்டு முகவரியையே எனக்கும் போட்டுவிடுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே ரயில் ஏறுகிறேன். விடுமுறை முடியும் வரை நான் அந்த ஊர்க்காரி.

உங்கள் முதல் வாசகி,
சுண்டெலி