பேரிக்காய்ப் பெட்டியும் உங்கள் வலது காலும்

முதலில் தைல வாசம் வந்தது. பிறகுதான் குப்பியைப் பார்த்தேன். உங்கள் தங்கை, எனக்கு அக்கா, கொடுத்தனுப்பிய உங்கள் கிதார் உறையின் மூலையில், பழைய துணிக்குள், யூகலிப்டஸ் தைலம் அடைத்து விற்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதை மோதிர விரலில் செருகிக்கொண்டு கம்பிகளின் மேல் இழுப்பீர்கள். விரல் சூடேறச் சூடேற மணக்கும். ஏரிக்கரை ஹோட்டலில் உங்கள் ப்ளூஸ் இசையைக் கேட்டுவிட்டு, "சார், எனக்கு ஜலதோஷமே விட்டுப்போச்சு" என்று கை குலுக்கிப் போனார் ஒருவர். அந்தப் பாராட்டை வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தீர்கள்.

சனி, ஞாயிறு. மாலை நான்கிலிருந்து ஆறு. வெள்ளனே ஒட்டன்சத்திரத்தில் காய்கறி இறக்கிவிட்டு, வண்டியோடு மலையேறி, அதே கம்பளிச் சட்டையில் வந்து உட்காருவீர்கள். நீங்கள் கிதார். நான் பேஸ் கிதார். டிரம்ஸுக்கு ஆள் கிடையாது. பழைய பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வலது காலால் மிதிப்பீர்கள். இரண்டு அடி. ஓர் இடைவெளி. அவசரமாக மூன்று.

"அண்ணே, குத்துப் பாட்டு ஒண்ணு போடுங்க."

"இதுவும் குத்துதாங்க. கொஞ்சம் மெதுவாக் குத்தும்."

சிரிப்பார்கள். சாப்பிடப் போய்விடுவார்கள். காலி நாற்காலிகளுக்கு வாசிக்கும்போதும் உங்கள் கை தளர்ந்து நான் பார்த்ததில்லை.

அடைமொழிகள் வேண்டாம். பல்கலைக்கழகத்தில் அவற்றை நிறையக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. இந்த மலையில் அந்த இசையை உங்களைப் போல் வாசித்தவர் யாருமில்லை. நான்கு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டவள் சொல்கிறேன்.

போன மழைக்கு முன், நாயுடுபுரத்தில் என் அறையில் உங்களைப் பதிவு செய்தேன். ஏழு பாட்டு. அது ஒன்றே மிஞ்சும் என்று இருவருக்கும் தெரியாது. இருந்தது ஒரே மைக். கிதாரோடு பெட்டியின் கடகடப்பும் விழுந்திருந்தது. இரைச்சல் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கணினி முன் உட்கார்ந்து துடைத்தேன். இடம் போதாமல் மூலப் பதிவை அழித்தேன்.

நீங்கள் கேட்டீர்கள். "சுத்தமா இருக்கு" என்றீர்கள்.

மார்கழியில் நெஞ்சுவலி. மூன்றே நாள்.

முப்பதாம் நாள் ஊர்க்கூடத்தில் உங்கள் பாட்டுகளைப் போடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் காலையில் பதிவை உங்கள் தங்கையிடம் எடுத்துப் போனேன். அக்கா குழம்பைக் கிண்டியபடியே கேட்டார். பாதிப் பாட்டில் திரும்பினார்.

"ஏம்மா, அண்ணன் காலு எங்க?"

"இரைச்சலா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன்க்கா."

"இரைச்சலா? அது பெரட்டுத் தப்பு, புள்ள."

எனக்குப் புரியவில்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் அப்பா விடியலில் தப்பு மேளம் அடிப்பாராம். லயத்து வரிசை வீடுகளில் தூங்கும் சனங்களை எழுப்பி, ஆளெடுக்கிற பெரட்டுக்கு வரச்சொல்லும் அடி. தாயகம் திரும்பக் கப்பலேறியபோது தப்பு அங்கேயே தங்கிவிட்டது. இங்கே கதவிலும் தகரத்திலும் அதையே தட்டி உங்கள் இருவரையும் எழுப்பியிருக்கிறார்.

"அப்பா அடிச்சா எந்திரிச்சு ஓடணும். அண்ணன் அதயே மெதுவா அடிக்கும், நின்னு கேக்கலாம். அது இல்லாம இது எவனோ வாசிச்ச மாதிரி கெடக்கு. நாளைக்கு ஊருக்கு முன்னால இதப் போடாத."

நான்கு வருடம் உங்கள் காலைப் பார்த்துத்தான் வாசித்தேன். அந்த அடி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. "சுத்தமா இருக்கு" என்றபோதுகூட.

"அக்கா, அந்தப் பெட்டி இருக்கா?"

"பின்னால வெறகு போட்டு வச்சிருக்கேன்."

விறகைக் கொட்டினோம்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் பதிவு ஓடியது. பக்கத்தில் நான். பெட்டியின் மேல் என் வலது கால். முதல் பாட்டில் உங்களை முந்திக்கொண்டு ஓடினேன். இரண்டாவதில் இடைவெளி பிடிபட்டது. பின்வரிசையில் உங்களோடு வண்டி ஓட்டியவர் பக்கத்து ஆளைத் தட்டினார். "ஏலே, அண்ணன் வந்துட்டாருடா."

அக்கா மட்டும் அசரவில்லை. "கடைசி மூணும் இன்னும் வெரசா, புள்ள."

வெரசாக மிதித்தேன். ஏழாவது பாட்டு முடியும்வரை அவர் கண்ணை மூடியிருந்தார்.

குப்பி என் விரலுக்குப் பெரிது. அதை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெட்டியை வைத்துக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை அதை ஹோட்டலுக்குத் தூக்கிப் போனேன். நான்கு மணி. ஏரி தெரியாத அளவுக்கு மஞ்சு. முன்மேசையிலிருந்து குத்துப் பாட்டு கேட்டார்கள்.

கால் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.