இன்வெர்ட்டர் பற்றி நீ கேட்டதற்கு அப்பா ஏன் பதில் எழுதவில்லை

செனாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையில்லாமல் இருக்கிறோம். அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மகேஸ்வரன் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறான், பாலத்து நெரிசலில் புகையைக் குடித்துக் குடித்து ஆள் இளைத்துவிட்டான், பெண் பார்க்கலாமா என்றால் சும்மா இரும்மா என்கிறான். போனில் பேசாமல் எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னோடு போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அவர் காதுபட இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ கேட்ட சுடிதார்களைத் தம்பி பார்சல் போடுகிறான், அதற்குள் இதை வைத்துவிடுகிறேன்.

போன மாதம் நீ குடும்ப குரூப்பில் உன் வேனின் படத்தைப் போட்டு, இதில் லேப்டாப்பும் கேமராவும் சார்ஜ் செய்ய எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம், அப்பாதான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பா படித்தார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நீ மறுபடி கேட்டாய், அதற்கும் பதில் இல்லை. அப்புறம் எனக்குத் தனியாக, அப்பாவுக்கு என் மேல் கோபமா, நான் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவது பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். கோபம் எல்லாம் இல்லை கண்ணு. உன் வேனைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்தான். அந்த இன்வெர்ட்டர் என்ற சொல்தான் அவரால் தாங்க முடியவில்லை. காளிதாஸ் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம், மற்றது எதையும் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

காளிதாஸ் மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும், அப்பாவும் அவரும் ஒரே ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலையில் தலைமுடி நரைக்கும்வரை கூட நின்றவர்கள். அங்கம்மா அத்தை போனபிறகு அவர் யோங் பெங் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அப்பா ரிட்டையர் ஆனதும் அந்தப் பழைய வேனை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை போட்டது உனக்குத் தெரியும். ஆனால் அது யாருக்காக என்று உனக்குத் தெரியாது. மாமாவுக்கு ஓர் ஆசை. கிழக்குக்கரையில் மெர்சிங்கில் ஆரம்பித்துக் குவாந்தான், திரங்கானு என்று கடலை ஒட்டியே மேலே போய், எந்த ஊரில் பிடிக்கிறதோ அந்த ஊர்க் கரையில் வேனை நிறுத்தி அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். ஷிப்ட், ஓ.டி. என்று வாழ்க்கை முழுக்க மிஷின் சத்தத்திலேயே போய்விட்டது என்பார். என்னைக்கூட வா மலரு, மூணு பேரும் போலாம் என்றார். நான்தான் எனக்கு வேன் படுக்கை எல்லாம் ஒத்துவராது, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க என்றேன்.

சிக்கல் என்னவென்றால், மாமாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் ஒரு சின்ன மிஷினை டாக்டர் கொடுத்திருந்தார், அது இல்லாமல் தூங்கக்கூடாது. வேனில் அதற்குக் கரண்டுக்கு எங்கே போவது. அப்பாவுக்கு அது போதுமே. பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரைத் தேட ஆரம்பித்தார். முதலில் ஜொகூர் பாருவில் ஒரு கடையில் ஒன்று வாங்கினார். அதை மாமாவின் மிஷினில் மாட்டியதும் வண்டு மாதிரி ரீங்கரித்தது, அடாப்டர் தொட முடியாமல் கொதித்தது. வீட்டுக் கரண்டு சீராக ஏறி இறங்குமாம், இந்த மலிவுப் பெட்டி படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டிக் கொடுக்குமாம், அப்பா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் காகிதத்தில் வரைந்து காட்டினார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்டர்நெட்டில் இன்னொன்று வரவழைத்தார். அதன் மேல் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. அப்புறம் நாள் முழுக்க வீடியோ, விசாரணை, யோசனை.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் யோங் பெங்கிலிருந்து பன் வாங்கிக்கொண்டு வருவார், வேனில் ஏறிப் படுத்துப் பார்ப்பார், இறங்கி வந்து அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "என்னா ஜெயா, எப்ப கெளம்பலாம்?" ஒரு நாள் அவருக்கே பொறுமை போய்விட்டது. "மிஷின் இல்லாட்டி என்னாடா இப்ப? பகல்ல காடி ஓடுறப்ப ஒக்காந்துகிட்டே தூங்கிக்கிறேன் லா. ராவுல முழிச்சிருந்து கடலப் பாக்குறேன்" என்றார். அப்பா விடவில்லை. "ஒனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா ஒம் மக ரூபினிக்கு யாரு பதில் சொல்றது? சரியா செஞ்சிட்டுதான் போவோம்" என்றார். ராவுக்கு ஓட்டலில் ரூம் எடுத்துப் படுங்களேன் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள், அப்புறம் எதற்கு வேன் என்று. நானும் அதோடு விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, எதைச் செய்யும்போதும் தோன்றுகிறது.

அப்படியே வருஷக் கடைசி வந்தது, கிழக்குக்கரையில் மழையும் வெள்ளமும், தைப்பூசம் முடியட்டும் என்றார்கள், சீனப் புத்தாண்டு நெரிசல் தீரட்டும் என்றார்கள். அதற்குள் நல்ல இன்வெர்ட்டரும் வந்து சேர்ந்தது. அப்பா பேட்டரியில் மாட்டி, மாமாவின் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மத்தியானம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். சத்தம் இல்லை, சூடு இல்லை. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை கிளம்புவது என்று முடிவாயிற்று. மாமா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் பூப்போட்ட சட்டையும் ஒரு தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினார். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லையே என்று பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான் கதவைத் தட்டிப் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் வலது பக்கம் முழுக்க விளங்கவில்லை, பேச்சும் குழறிவிட்டது. ரூபினி அவரை ஸ்கூடாயில் தன் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறாள். பாவம் அந்தப் பிள்ளை, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அப்பாவையும் தூக்கி உட்காரவைக்கிறாள்.

இதோடு போயிருந்தால்கூட உன் அப்பா தேறியிருப்பார். மாமாவின் மாஸ்க் பழசாகிவிட்டது என்று ரூபினி புதிது வாங்கப் போனபோது அப்பாவும் கூடப் போனார். மிஷின் விற்கும் கடையில் நின்ற பெண்ணிடம் சும்மா பேச்சுக்கு, இதை வேனில் போட இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கி வைத்திருந்தோம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண், "ஐயோ அங்கிள், இதுக்கு இன்வெர்ட்டரே வேணாமே. காடி பேட்டரில நேரா மாட்டுற கேபிள் தனியா வருது" என்று அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் வாரமே போயிருக்கலாம். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "மலரு, அந்தக் கேபிளு என் சுண்டுவெரலு தடிப்புகூட இல்ல" என்றார். போயிருந்தாலும் அங்கே வைத்து இது வந்திருக்கலாம் அல்லவா, தூர ஊரில் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். "வந்திருக்கும். ஆனா கடலப் பாத்த பெறகு வந்திருக்கும்" என்றார். அதன்பிறகு வேனைத் துணி போட்டு மூடிவிட்டார். மாமாவைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டார். ரூபினி போன் பண்ணும்போதெல்லாம் இடுப்பு வலி என்றார், காய்ச்சல் என்றார். அந்த நேரத்தில்தான் நீ கேட்டாய்.

அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று நீ எழுதிய வரியைப் படித்தபிறகு எனக்கு இதை இப்படியே விடக்கூடாது என்று பட்டது. போன ஞாயிறு சட்டையை எடுத்துக் கொடுத்து, ஸ்கூடாய் போறோம், காடிய எடுங்க என்றேன். கிளம்பினார். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அப்பாவைப் பார்த்ததும் வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அப்பா கிட்டே போகாமல் கதவோரமே நின்றார். நான் உன் வேனின் படத்தை மாமாவிடம் காட்டினேன். "நம்ம லோஷினி வேன் வாங்கியிருக்கா, எந்த இன்வெர்ட்டரு வாங்கறதுன்னு கேக்குறா, இவரு பதிலே சொல்ல மாட்டேங்கறாரு" என்றேன். மாமா படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் இடது கையை நீட்டி அப்பாவை வா என்று கூப்பிட்டு, கிட்டே வந்ததும் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "புள்ளைக்கு... சொல்லு. கேபிளையும்... சொல்லு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ரூபினி சொல்லியிருக்கிறாள். அப்பா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார் லோஷினி. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. மாமா அந்த ஒரு கையால் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் உன் வேனைப் பற்றித்தான் பேசினார்கள். அப்பா சொல்வார், மாமா சரி என்றால் தலையாட்டுவார், இல்லை என்றால் கட்டிலைத் தட்டுவார். அவர்கள் சொன்னதை மறக்காமல் எழுதுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். முதலில் எதை எதை இன்வெர்ட்டர் இல்லாமலே பேட்டரியில் நேராகப் போடலாம் என்று பாரம்மா, போனுக்கு யூ.எஸ்.பி. போதும், உன் லேப்டாப்புக்கும் கேமராவுக்கும்கூட வண்டி சார்ஜர் இருக்கலாம், வாங்கின கடையிலேயே கேள். அப்படியும் வேண்டுமென்றால் முன்னூறு வாட் உனக்குத் தாராளம். வீட்டுக் கரண்டு மாதிரி சீராக வர, ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதே, அது ஒரு நொடி தாங்கும் அளவு, விடாமல் கொடுக்கும் அளவு எவ்வளவு என்று தேடிப் படி. சிகரெட் லைட்டர் துளையில் சொருகாமல் பேட்டரியிலிருந்தே தடித்த குட்டை வயர் போட்டு, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கச் சொல். வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு, இதற்கு வேறு, இல்லாவிட்டால் காட்டில் வண்டி கிளம்பாது. மெத்தைக்கு அடியில் துணிக்குள் அமுக்கி வைக்காதே, அதற்குக் காற்று வேண்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிடு, சும்மா கிடந்தாலும் அது பேட்டரியைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். கெட்டிலும் முடி காயவைக்கும் மிஷினும் அதில் ஆகவே ஆகாது. கடைசியில் அப்பா, எல்லாம் சரியா அமையட்டும்னு ஒக்காந்திருக்க வேணாம்னு சொல்லு, போன்ல சார்ஜ் இருந்தா கெளம்பச் சொல்லு என்றார். மாமா அதற்குத்தான் ரொம்ப நேரம் தலையாட்டினார்.

நேற்று வேனின் துணியை அப்பாவே எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போகலாம் என்று டாக்டர் சொன்னதால் மாமாவை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, நானும் ரூபினியும் குழந்தையும் பின்னால் ஏறிக்கொண்டு, ஜொகூர் பாரு நீர்க்கரைக்குப் போனோம். மெர்சிங் வரைக்கும் அவர் உடம்பு தாங்காது. எதிரே சிங்கப்பூர்க் கட்டடங்கள், நடுவில் ஆறு மாதிரி அசையாத தண்ணீர். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "இது... கடலு... இல்லடா" என்றார். ரூபினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நானும் சிரித்துவிட்டேன், மாமாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லதாண்டா என்றார்.

நீ போய் வா தங்கம். ராவில் அடுப்பை எரியவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்காதே, காலையில் பசியாறாமல் வண்டி ஓட்டாதே, கூட வரும் தோழியை ஒரு தரம் என்னோடு பேசச் சொல். போகும் வழியெல்லாம் மாரியம்மா உன் கூடவே இருப்பாள், நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்ப என் மனம் நிறைந்த ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. முதல் தடவை கடலோரமாக வேனை நிறுத்தும்போது ஒரு வீடியோ எடுத்து ரூபினியின் நம்பருக்கு அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ ஒன்றும் பேசவும் வேண்டாம். அலைச் சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி கொஞ்சம் நீளமாக எடு, மாமா படுத்துக்கொண்டே கேட்பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா மலர்