மாலை நான்கு மணிக்குள் ஆறிவிடும் வெந்நீர்த் தொட்டி

அனுப்புநர்:
குமாரி ஹெஸ்டர் லம்லி, பி.எஸ்சி.,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தரைத்தளம், இடப்பக்க வீடு,
14, ஃபென்டன் ரோ,
ரஷ்வொர்த் பிரிட்ஜ், யார்க்‌ஷயர்.

பெறுநர்:
வாடகைக் குடியிருப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம்,
ரஷ்வொர்த் பிரிட்ஜ்.

பொருள்: என் வெந்நீர்த் தொட்டியின் வெப்பக்காப்பு உறை கிழிந்து கிடப்பது – எதிர்வீட்டுக்கு மட்டும் புது உறை போடப்பட்டது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். வாடகை ஒரு வாரமும் தவறியதில்லை. வீட்டு உரிமையாளர் திரு. டெஸ்மண்ட் கெர்ஷா. குளியலறையை ஒட்டி, துவைத்த துணிகளை உலர்த்தும் அலமாரிக்குள் வெந்நீர்த் தொட்டி நிற்கிறது. இரவில் மின்சாரம் மலிவு என்பதால், இத்தெருவில் எல்லோரையும் போல இரவிலேயே தண்ணீரைச் சூடாக்கி, அந்தச் சூட்டை வைத்து மறுநாள் முழுவதையும் ஓட்டுகிறேன். சூட்டைக் காப்பது தொட்டியைச் சுற்றிக் கட்டிய பஞ்சு உறை ஒன்றுதான்.

2. சென்ற அக்டோபரில் சூடேற்றும் கம்பியை மாற்ற உரிமையாளர் அனுப்பிய ஆள், உறையின் வார்களை அவிழ்க்கச் சோம்பல்பட்டுக் கத்தியால் கிழித்தார். போகும்போது சணல் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். மறுவாரமே அது அறுந்தது. அன்று முதல் உறையைத் தாங்கிப் பிடித்திருப்பவை என் பழைய நைலான் காலுறைகள். ஆய்வுக்கு வரும்போது தாங்கள் அவற்றைக் காண நேரும் என்பதற்காக இப்போதே வருந்துகிறேன்.

3. விளைவாக, காலையில் கைவைக்க முடியாத தண்ணீர், மாலை நான்கு மணிக்கு வெதுவெதுப்பு என்று சொல்லவும் தகுதியற்றதாகிவிடுகிறது.

4. நான்கு மணியை ஏன் குறிப்பிடுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். மேல்மாடியில் குடியிருக்கும் திரு. எட்வின் ஆல்டர்சன் மனைவியை இழந்தவர், முதுகுவலியும் உண்டு. அவர் வீட்டில் ஷவர் மட்டுமே, குளியல் தொட்டி இல்லை. ஆகவே ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு, தம் துண்டையும் சோப்பையும் தாமே எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்கு வந்து குளித்துச் செல்வது பல ஆண்டு வழக்கம். பிறகு தேநீர், பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிர். மறைக்க ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

5. நவம்பரில் உரிமையாளரிடம் முறையிட்டேன். அந்த வாரமே பளபளக்கும் சிவப்பு உறை ஒன்று வந்தது. இதே தரைத்தளத்தில் என் எதிர்வீட்டுத் திருமதி மோரீன் டாட்டர்சால் அவர்களுக்கு. அவருடைய பழைய உறையில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்ததாம். காரணம் கேட்டேன். உரிமையாளர் கூறியது: “டீச்சர், நீங்க ஒண்டிக்கட்டை, உங்களுக்கு எவ்வளவு சுடுதண்ணி வேணும்? மோரீன் பாருங்க, எவ்வளவு அழகா சிரிச்சுக் கேட்டாங்க!” பழுதுபார்க்கச் சிரித்துக் கேட்க வேண்டும் என்ற விதி எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இல்லை.

6. டிசம்பரில் ஒரு ஞாயிறு திரு. ஆல்டர்சன் குளியல் தொட்டியில் இறங்கிய வேகத்தில் பல் கிட்டிக்க எழுந்து வந்தார். அடுத்த ஞாயிறு நான் தேநீர் ஊற்றி வைத்திருக்கையில், அவர் செருப்பும் துண்டுமாக என் வாசலைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனார். திருமதி டாட்டர்சாலின் குரல் கட்டடம் முழுவதும் கேட்டது: “வாங்க கண்ணு, வாங்க! நம்ம வீட்டுத் தண்ணில முட்டையே அவிக்கலாம். அந்தப் பக்கம் போனா உங்களுக்குக் குளிர்காய்ச்சல்தான்!” திரு. ஆல்டர்சன் சிரித்ததும் கேட்டது. கதவு திறந்திருந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த அம்மையார் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள் பூ வரைபவர் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

7. வெப்பம் எங்கும் தொலைந்துபோவதில்லை என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். என் தொட்டி இழக்கும் சூடெல்லாம் அலமாரிக்குள் சேர்கிறது. இக்கட்டடத்திலேயே துணி நன்றாக உலர்வது என் வீட்டில்தான். எதிர்வீட்டுப் புது உறையோ ஒரு துளிச் சூட்டையும் வெளியே விடுவதில்லை. ஜனவரியில் திரு. ஆல்டர்சன் ஒரு மூட்டையுடன் என் கதவைத் தட்டினார். “ஹெஸ்டர், தப்பா நினைக்காதீங்க. மோரீன் வீட்டு அலமாரி ஐஸ்பெட்டி மாதிரி கெடக்கு. இந்தச் சட்டைங்கள உங்க அலமாரில போட்டுக்கவா?” நான் மறுக்கவில்லை. அன்று முதல் குளியல் அங்கே, சட்டை இங்கே. சனிக்கிழமை நான் மடித்துத் தரும் சட்டை, ஞாயிறன்று குளித்து முடித்ததும் அங்கே உடுத்தப்படுகிறது.

8. இதையறிந்த உரிமையாளர் இப்போது புதிய வாதம் ஒன்றைக் கண்டுபிடித்துள்ளார்: “பார்த்தீங்களா டீச்சர், கிழிஞ்சதும் ஒரு வகைல நல்லதாத்தான் போச்சு. புது உறை போட்டா அந்தச் சட்டைங்க எங்க போகும்?” கேள்வி நியாயமானது என்பதால் ஒரு வாரம் யோசித்தேன். உறை வந்தால் சட்டைகள் வாரா. குளியல் திரும்பி வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஆயினும், ஒருவரின் சட்டைக் கைகளை மட்டும் மடித்துக்கொண்டிருக்கும் நிலையில் நீடிக்க நான் விரும்பவில்லை. சட்டைகள் ஈரமாகவே இருக்கட்டும்.

9. ஆகவே, எதிர்வீட்டில் உள்ளதற்கு ஒரு விரலளவும் மெலியாத உறையை என் தொட்டிக்கும் போட்டுத் தரும்படி உரிமையாளருக்கு ஆணையிடக் கோருகிறேன். தம்மால் இயலாது என்று அவர் சொன்னால், எதிர்வீட்டு உறையைக் கழற்றிவிட்டாலும் சமநீதி நிலைநிற்கும். இதை முழுக்க வன்மத்தால் சொல்லவில்லை.

10. ஆய்வுக்குத் தாங்கள் எந்த நாளும் வரலாம். உறை போட்டபின் சரிபார்க்க மீண்டும் வர நேர்ந்தால், ஞாயிறு மாலை நான்கு மணியை மட்டும் தவிர்த்தருளுங்கள். குளியலறை காலியாக இராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
ஹெஸ்டர் லம்லி

இடம்: ரஷ்வொர்த் பிரிட்ஜ்
நாள்: 11 பிப்ரவரி 1993

இணைப்பு: கிழிந்த உறையிலிருந்து உதிர்ந்த பஞ்சு, ஒரு கைப்பிடி.