ஐம்பத்தேழு சென்டிமீட்டர்

9 டிசம்பர் 1997, செவ்வாய்

பனி. எட்டரை மணிவரை எதிர் வீடு தெரியவில்லை.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. ஞாயிறு காலை நான் முதல் ஆராதனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கீழ் வீட்டில் இருக்கும் என் தம்பி சாம்சன், மொட்டை மாடிக் கம்பத்திலிருந்து என் ஆண்டெனாவைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டிவிட்டான். கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், தானாக வந்து மன்னிப்புக் கேட்பான் என்று. வரவில்லை.

சேதம்: பக்கக் கம்பி ஒன்று வளைந்திருக்கிறது. இன்னொன்று ஈயம் வைத்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. கேபிள் வெட்டப்பட்டிருக்கிறது. அவிழ்க்கப்படவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்றால், 20ஆம் தேதி மெர்சி வருகிறாள். மஸ்கட்டிலிருந்து பாம்பே, அங்கிருந்து காலை 11.20க்கு இங்கே பெங்களூருக்கு. கூடக் குழந்தை. இரண்டு வருஷம் முன்பு அவள் வந்தபோது, விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று ஃபோனில் சொன்னார்கள். நம்பி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். விமானம் நேரத்துக்கே இறங்கிவிட்டது. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று பெட்டியோடு, ஒன்றரை மணி நேரம் ஏர்போர்ட் வாசலில் நின்றாள் என் மகள். "பரவாயில்லப்பா" என்றாள். அவள் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்குத்தான் மருமகன் கொடுத்தனுப்பிய இந்த ஸ்கேனர். உள்ளங்கையில் அடங்கும் ரேடியோ. விமானியும் டவரும் பேசுவதைத் தேடிப் பிடிக்கும். கூடவே வந்த ரப்பர் ஆண்டெனா சுண்டுவிரல் நீளம். அதை வைத்தால் விமானம் அல்சூர் ஏரிக்கு மேல் வந்தபிறகுதான் குரல் கேட்கும். அதற்குள் அது இறங்கியே விடும். ஆகஸ்டில் நான் செய்து கம்பத்தில் ஏற்றிய ஆண்டெனாவில் 28 நிமிடம் முன்னதாகக் கேட்டது. காக்ஸ் டவுனிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் 25 நிமிடம். கணக்கு அவ்வளவுதான்.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.


10, புதன்

பனி குறைவு. சாம்சனிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணா, அப்பா காலத்துலருந்து அந்தக் கம்பத்துலதான் ஸ்டார் கட்றோம்."

"அப்பா நட்டது மூங்கில். கரையான் தின்னுடுச்சு. இது நான் வாங்கின இரும்புப் பைப்."

"நட்ட குழி அப்பாது."

"அப்போ குழியில வை உன் ஸ்டாரை."

அவன் மனைவி லில்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் அவனுக்கு இன்னும் ரோஷம். ஜனவரி ஆறாம் தேதிவரை ஸ்டார் இறங்காதாம். எதிர் வீட்டு வக்கீல் இந்த வருஷம் ஜிகினா ஸ்டார் கட்டியிருக்கிறார், அதைவிட நம்முடையது ஒரு முழமாவது உயரமாக இருக்கவேண்டுமாம். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவன். குத்தியதை அழிக்கமாட்டான்.

"லைசென்ஸ் இல்லாம போலீஸ் வரப்போவுது பாரு" என்று வேறு. ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். அதன் கீழே உட்கார்ந்துதான் தினம் பேப்பர் படிக்கிறான்.


11, வியாழன்

எஸ்.பி. ரோடு போய்வந்தேன். பஸ்ஸில் நின்றபடி. ரேடியோ பாகங்கள் கடைக்காரர் ஏதோ பளபளவென்று எடுத்து வைத்து, வாங்கிக்கொள்ளச் சொன்னார். "தகள்ளி யஜமான்ரே, ஃபாரின் மால்." இழுத்தால் நீள்கிற ஆண்டெனா. இழுத்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு ஆட்டம். திருப்பிக் கொடுத்தேன்.

டிவி கேபிள் கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு. ரேடியோவுக்கு ஐம்பது ஓம் கேபிள், டிவிக்கு எழுபத்தைந்து, பொருந்தாது என்றார். பேசுகிறவனுக்குத்தான் அது பெரிய விஷயம். நான் பேசப்போவதில்லை, கேட்கப்போகிறேன். கேட்பதற்கு நஷ்டம் எறும்பு அளவு. நாற்பது நிமிடம் வாதாடினேன். கடைசியில், "நீவு இன்ஜினியரா?" "இல்லை, ஃபிட்டர்." "அதான்" என்றார். எதற்கு அதான் என்று தெரியவில்லை. மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

வாங்கியது: டிவி கேபிள் இருபது மீட்டர். சதுர சாக்கெட் ஒன்று, நாலு மூலையிலும் ஓட்டை உள்ளது. ரேடியோவில் மாட்டும் முனை ஒன்று. பித்தளைக் கம்பி ஐந்து, வெல்டிங் கடையில்.

மாத்திரை வாங்க மறந்தேன்.


13, சனி

வெயில். நல்ல நாள்.

7125ஐ அலைவரிசை எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் சென்டிமீட்டரில் வரும். விமானப் பேச்சு 125 பக்கம், அதனால் 125ஆல் வகுத்தேன். 57. நடுவில் நிமிர்ந்து ஒன்று, நாலு மூலையிலிருந்தும் கீழே சாய்ந்து நாலு. காற்றில் திரும்பாத குடைபோல். ஈயம் இந்தத் தடவை கண்ணாடி மாதிரி ஓடிற்று. வெட்டிப்போட்டவனுக்கு நன்றிகூடச் சொல்லலாம், பழையதில் அரை சென்டிமீட்டர் பிசகு இருந்தது. சொல்லமாட்டேன்.

இன்று வந்த விமானங்களை வைத்துப் பரீட்சை. முதல் குரல் கேட்டதிலிருந்து இறங்கும்வரை எத்தனை நிமிடம்:

படுக்கையறை ஜன்னல் – 6
கொய்யா மரம் – 8 (எறும்பு. கழுத்துவரை.)
தண்ணீர்த் தொட்டிமேல் – 14

தொட்டிக்கு மேல் போக வேறு உயரம் இல்லை. வடமேற்கே பக்கத்து வீட்டு மூன்றாம் மாடி மறைக்கிறது. பாம்பே விமானம் வருவது அந்தப் பக்கம்தான். கம்பம்தான் வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டில் என் மனைவி ஞானம்: "ஸ்டாரை அவர் இறக்கமாட்டார், நீங்க விடமாட்டீங்க. நடுவுல நான் ஒத்தை ஆளா நாலு கிலோ மாவுக்குக் கல்கல் பலகாரம் உருட்றேன்."


14, ஞாயிறு

பிரசங்கம் சமாதானத்தைப் பற்றி. சாம்சன் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது ஞானம் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, அந்த ஸ்டார் உள்ளே காலியாத்தானே இருக்கு?"

நின்றுவிட்டேன். ஐந்தடி ஸ்டார். மூங்கில் சிம்பு, காகிதம். மூங்கிலும் காகிதமும் ரேடியோ அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கும் இது தோன்றியிருந்தது, சொல்லவில்லை என்றேன். "தோணியிருக்கும், தோணியிருக்கும்" என்றாள். தோன்றவில்லை என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

சாம்சனோடு பேச்சுவார்த்தை, லில்லி முன்னிலையில். ஸ்டார் அதே உயரம். அதே முகம், தெருப் பக்கம். உள்ளே என் ஆண்டெனா. பகலில் மினுக்கு விளக்கு போடக்கூடாது, அணைந்து அணைந்து எரியும்போது ரேடியோவில் டக் டக் என்று வெட்டும். அவன் கேட்டது ஒன்றுதான்: "கேபிள வெட்டினதப் பத்தி இனி பேசக்கூடாது." பேசமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

பக்கக் கம்பிகளை இன்னும் தாழ்த்தி மடக்கி உள்ளே நுழைத்தோம். இரண்டு கிழவர்கள், ஒரு ஏணி. கீழே இரண்டு பேர் கத்திக்கொண்டு.


15, திங்கள்

பாம்பே விமானம்: 3 நிமிடம்.

மூன்று! ஜன்னலே தேவலை.

பதினொன்றரைக்கு மாடி ஏறி ஸ்டாரைத் தட்டிப் பார்த்தேன். காகிதம் இல்லை. வெள்ளி ஜிகினாத் தாள், தகடு ஒட்டியது, முன்னும் பின்னும். வக்கீலைப் பார்த்து இவனும் வாங்கியிருக்கிறான். கம்பியைப் பாத்திரத்தில் போட்டு மூடினால் என்ன கேட்கும்? தூரத்திலிருந்து பார்த்துக் காகிதம் என்று நம்பியது என் தப்பு. அதை அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜிகினாவைக் கிழி."

"உசிரே போனாலும் கிழிக்கமாட்டேன். பார்த்துப் பார்த்து ஒட்டினது லில்லி."

"நான் எங்க ஒட்டினேன்? பசை காய்ச்சினதோட சரி" என்றாள் லில்லி.

மத்தியானம் கோபத்தில் தூக்கம் இல்லை. நாள் ஐந்துதான் இருக்கிறது.


17, புதன்

நேற்று முழுக்கத் தூறல், இன்று காலைவரை. துணி காயவில்லை. மெர்சி ஃபோன் செய்தாள், பயணம் உறுதி. "நேரத்துக்கு வருவோமான்னு தெரியாதுப்பா, நீ வீட்லயே இரு, நாங்க டாக்ஸி பிடிச்சு வந்துடறோம்" என்றாள். என்னை நம்பவில்லை. தப்பு அவள்மேல் இல்லை.

பேத்தி பின்னால் பாடிக்கொண்டிருந்தாள். என்ன பாட்டோ.


18, வியாழன்

வெயில் வந்துவிட்டது. மேலே போனால், ஸ்டாரின் பின்பக்க ஜிகினா மொத்தமும் உரிந்து தொங்குகிறது. மைதாப் பசை, இரண்டு நாள் தூறல். தூறல் அந்தப் பக்கமிருந்தே அடித்ததால் முன்பக்கம் அப்படியே இருக்கிறது.

சாம்சன் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் நான் கற்ற ஒரே தந்திரம்.

"பின்பக்கம் எவன் பார்க்கப்போறான்?" என்று மிச்சத்தையும் அவனே கிழித்துப் போட்டான்.

எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். சுண்ணாம்புகூட முன் சுவருக்கு மட்டும்.

பாம்பே விமானம்: 31 நிமிடம்!

ஆகஸ்டைவிட மூன்று கூட. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு புரிந்தது. திறந்த பின்பக்கம் பார்ப்பது வடமேற்கு. தெருப் பக்கத்து ஜிகினா, டார்ச் லைட்டின் உள்ளே இருக்கும் பளபளத் தகடுபோல, பாம்பே பக்கத்துச் சத்தத்தைச் சேர்த்து என் கம்பிமேல் தள்ளுகிறது. அவன் ஜிகினாவால் எனக்கு லாபம்.

இதை சாம்சனிடம் சொல்லப்போவதில்லை. இந்த வருஷம் இல்லை.

ரோஸ் குக்கீஸ் நன்றாக வந்திருக்கிறது. ஏழு தின்றேன். ஐந்து என்று சொன்னேன்.


19, வெள்ளி

31 மறுபடியும். பாட்டரி புதிது போட்டாயிற்று. மாத்திரையும் வாங்கியாயிற்று. ஞானம் மெர்சியின் அறைக்குத் திரைச்சீலை மாற்றினாள். கீழே சாம்சன் லில்லியிடம் சொல்வது கேட்டது: "அவரு ரேடியோல கேட்டுட்டாருன்னா ஏரோப்ளேன் சீக்கிரம் வந்துடுமா?" வராது. நாங்கள் சீக்கிரம் போவோம்.


20, சனி

பனி லேசாக. ஒன்பதரைக்கு சாம்சன் ஏர்போர்ட்டுக்கு ஃபோன் செய்து விசாரித்தான். விமானம் ஒரு மணி நேரம் தாமதமாம். பன்னிரண்டு இருபது. அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஞானம் அரிசி களைந்தாள். எனக்கும் மனசு தளர்ந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் ரேடியோவை அணைக்கவில்லை.

10.34: குரல். அவள் விமானத்தின் எண். டவர் திருப்பிச் சொன்னதும் அதே எண். தாமதம் இல்லை. 31 கூட்டினால் 11.05, பதினைந்து நிமிடம் முன்னதாகவே வருகிறது.

"ஃபோன்ல ஒரு மணி நேரம் லேட்டுன்னாங்களே அண்ணா."

ரேடியோவை அவன் காதில் வைத்தேன். எண்ணெய்க் காது. அந்த எண் மறுபடி வந்தது. அவன் முகம் மாறியது. லுங்கியோடு தெருவில் இறங்கி ஓடினான், ஆட்டோவுக்கு.

10.38. ஆட்டோ வரும்வரை எழுதுகிறேன்.

சாம்சன்: இரண்டு ஆட்டோ பிடிக்கவேண்டும், ஒன்று பெட்டிகளுக்கு. சட்டை போடவேண்டும்.
லில்லி: அடுப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். குழந்தைக்குப் பால்.
ஞானம்: புடவை மாற்றக்கூடாது, இருக்கிறபடி ஏறவேண்டும்.
நான்: ஏர்போர்ட் வாசல் கம்பித் தடுப்பருகே முதல் ஆளாக நிற்கவேண்டும்.
மெர்சி: ஒன்றும் செய்யவேண்டாம். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் போதும்.