முட்டைக்கோஸில் பலித்தது பருத்தியில் பலிக்கவில்லை

கல்லாவி

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முனியப்பனிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் உடம்பு நலம், மனசை மட்டும் கேட்காதே. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் தம்பி சிவராஜ் பக்கத்திலேயே நிற்கிறான், இதை அவன் காதுபடச் சொல்ல என்னால் முடியாது. அதனால் உங்கள் ஊருக்கு வருகிற சென்னம்மா மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பா பருத்திக்கு மருந்தடித்துக் காட்டிலேயே விழுந்து போன பிறகு, காரியத்தன்று சிவராஜ் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தானே, இனி நம் நிலத்துக்குள் விஷப் பாட்டில் நுழையாது என்று, அதற்கு நீயும் நானும்தானே சாட்சி. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து கர்நாடக எல்லையோரம் குளிர்ச்சியான தளியில் குத்தகைக்கு முட்டைக்கோஸ் போட்டான், விவசாயம் படித்த நீதான் அந்தப் பாக்டீரியா மருந்தைச் சொல்லிக்கொடுத்தாய். கண்ணுக்குத் தெரியாத கிருமி, புழு இலையோடு சேர்த்துத் தின்றால் வயிறு கெட்டுச் சாகும், மனுஷருக்கு ஒன்றும் ஆகாது என்றாய். போட்ட போகமெல்லாம் பலித்தது. புழு கறுத்து இலையில் தொங்கியதைப் பக்கத்துக் காட்டுக் கன்னடக்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். குத்தகை முடிந்து நம் நிலத்துக்குத் திரும்பியதும் அப்பா போட்ட நாட்டுப் பருத்தியைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தான், அவர் பிள்ளைதானே. அதே பாக்கெட், அதே அளவு, அதே கை, புழு மட்டும் சாகவில்லை. மருந்துக்கடை கோவிந்தப்பன் போலியைக் கொடுத்துவிட்டார் என்று கடைவாசலில் நின்று சண்டை போட்டான். அவர், "ஏப்பா, இதே கம்பெனிப் பாக்கெட்டதான் தளிக்காரங்களும் வாங்கி அடிக்கிறாங்க, அவங்களுக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலைன்னா நான் என்னா பண்றது" என்றாராம். காயெல்லாம் ஓட்டை விழுந்த பிறகுதான் உன்னைக் கேட்க அவனுக்கு வாய் வந்தது.

நீ சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. மருந்தும் கெட்டதில்லை, கடைக்காரரும் கெட்டவரில்லை, செடிதான் காரணம், பருத்தி இலைமேல் ஊறும் உப்பும் உள்ளே இருக்கும் துவர்ப்பும் அந்தக் கிருமியின் வீரியத்தைக் குறைத்துவிடும், கோஸ் இலையில் அந்தத் தொல்லை இல்லை, புழு சின்னதாக இருக்கும்போதே சாயங்காலத்தில் அடித்திருந்தால் ஓரளவு கேட்டிருக்கும் என்றாய். அன்றைக்கே ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்று பார்த்தேன், நாக்கை இழுத்தது. இத்தனை வருஷம் அந்தச் செடிக்குள்ளேயே கிடந்தும் அதன் ருசி எனக்குத் தெரியாது பார்.

போன வெள்ளிக்கிழமை காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வரப்பு ஏறும்போதே அந்த நாற்றம், உன் அப்பா சட்டையில் அடிக்குமே அதேதான். சிவராஜ் முதுகில் விஷ மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு, மூக்கில் அப்பா துண்டையே சுற்றிக்கொண்டு செடிகளுக்குள் நடக்கிறான். நான் கத்தவில்லை, நம்பு. என்னைப் பார்த்ததும் அவனே நின்று, "அப்பா இந்தச் செடியக் காப்பாத்தப் போயிதான் செத்தாரு, இத நான் புழுவுக்கு உட்டுட்டா அவரு செத்ததுக்கு என்னாம்மா அர்த்தம்" என்று கேட்டான். மருந்து பட்ட அந்தக் கையோடு குடித்துவிடுவானே என்று கஞ்சியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன், பசியோடு நின்ற பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்காமல் வந்தேன். சத்தியத்தை மீறினானே என்று கோபமில்லை, சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான் கண்ணு.

மருந்தடித்த சட்டையை வீட்டுக் கொடியில் போடக்கூடாது, தனியாகத் துவைத்து வேலிக் கம்பியில்தான் போடுவேன், உனக்கு நினைவிருக்கும். அப்பா போனதிலிருந்து அந்தக் கம்பி சும்மாதான் கிடந்தது. இன்று சிவராஜ் சட்டையை அங்கே போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். காற்றில் அதன் கை ஆடுவதைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்ன மருந்தால்தான் இப்படி ஆயிற்று என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, தளியில் இருந்தவரை எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது அதனால்தான். கோஸ் இந்த வெயிலுக்கு வராது, நம் மண்ணில் வேறு எந்தச் செடி அந்தக் கிருமியோடு ஒத்துப்போகும் என்று விசாரித்து அவனிடம் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டான், அக்கா சொன்னால் கேட்பான். குழந்தைக்குச் சுற்றிப்போடு. நீயும் மாப்பிள்ளையும் தலை நரைக்கும்வரை ஒன்றாக இருந்து, ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பயமில்லாமல் துவைத்துப்போட வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது அவனை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கையைப் பார். நடுங்கினால் என்னிடம் சொல்ல மாட்டான். உன் அப்பாவும் சொல்லவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
மங்கம்மா