அடியில் வைத்த இன்ஜின்

கங்கிலிக்
21 ஆகஸ்ட் 1978

அன்புத் தம்பி லுகாசிக்கு,

நாங்கள் நலம். போன முறை நீ எழுதியது நாலே வரி. கப்பலில் சரக்கு ஏற்றும் மேஸ்திரி ஆனதும் அக்காவுக்கு எழுத நேரமில்லை போலிருக்கிறது.

கொட்டகையில் ஊருக்கே மின்சாரம் தரும் பழைய இன்ஜின் இருமிக்கொண்டே இருக்கிறது. உன் அத்தான் கூமாக் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். "இது குளிர்காலம் தாங்காது. புதுசு இந்தக் கப்பல்ல வந்தே ஆகணும்னு உன் தம்பிக்கு எழுது" என்கிறார். கடல் உறைவதற்குள் வருஷத்துக்கு ஒரு கப்பல்தானே. இந்த முறை வாத்துகள் சீக்கிரமே தெற்கே கிளம்பிவிட்டன. எனக்கு அது பிடிக்கவில்லை.

உலர்ந்த மீன் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
சியாசி

மாண்ட்ரியல்
4 செப்டம்பர் 1978

அன்பு அக்காவுக்கு,

மீன் வந்தது, அன்றைக்கே தீர்ந்தது.

இன்ஜினை நானே நின்று ஏற்றினேன். அப்பா பனியில் ஓட்டும் நாய் வண்டியில் சரக்கை எப்படி வைப்பார்? கனமானது அடியில், நட்டநடுவில். அப்படியே வைத்துக் கட்டினேன். அதன்மேல் அடுத்த ஊருக்கான மரப்பலகைகள். புயல் வந்தாலும் அசையாது. கிடங்குக்காரன், "உங்க ஊருதான முதல்ல வருது?" என்று முனகினான். "எங்க அப்பா வண்டி ஒரு தடவைகூட கவுந்ததில்ல, தெரியுமா?" என்றேன். பலகைகளை எடுத்துவரப் போய்விட்டான்.

அத்தானை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

உன் தம்பி,
லுகாசி

கங்கிலிக்
9 அக்டோபர் 1978

லுகாசிக்கு,

கப்பல் வந்தது. மாவும் சர்க்கரையும் இறங்கின. இன்ஜின் இறங்கவில்லை. அதன்மேல் இருந்த பலகைகளை ஒரு பகல் முழுக்க இழுத்தார்கள், பாதிகூட நகரவில்லை. குடாவில் பனிக்கட்டி திரள்வதைப் பார்த்த கேப்டன், "அடுத்த ஊர்ல பலகைய எறக்கிட்டுத் திரும்பி வரேன்" என்று கிளம்பினார். இரண்டாம் நாள் கடல் உறைந்துவிட்டது. இன்ஜினோடு கப்பல் தெற்கே திரும்பிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் தளத்தில் இறங்கும் விமானம் அவ்வளவு கனம் தாங்காது.

ஊரார் கப்பல் கம்பெனியைத் திட்டுகிறார்கள். ஏற்றியது நீ என்று நான் சொல்லவில்லை. அத்தானுக்கு மட்டும் தெரியும். "உங்க அப்பா வண்டியில ஒரே ஊரு சரக்குதான் போகும்" என்றார். பழைய இன்ஜினைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். பழைய இன்ஜினுக்குப் பாரம் குறைக்க, இப்போது மின்சாரம் மருத்துவமனைக்கும் ரேடியோவுக்கும் விமானத் தளத்துக்கும் மட்டும். வீடுகளில் இருட்டு. அது எங்களுக்குப் பழகிவிடும். ஆனால் பகலே இல்லாத மாதங்களில் தளத்தில் விளக்கு எரிந்தால்தான் விமானம் இறங்கும். மருந்தும் உன் கடிதமும் அதில்தான் வரவேண்டும்.

எழுது.

சியாசி

மாண்ட்ரியல்
14 டிசம்பர் 1978

அன்பு அக்காவுக்கு,

நவம்பரில் உனக்குப் போட்ட இரண்டு கடிதங்களும் இன்று என் கைக்கே திரும்பி வந்தன. விமானியைத் தொலைபேசியில் பிடித்தேன். ஊருக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றினாராம். "கீழ ஒரு வெளிச்சமும் இல்லப்பா. எங்க எறங்குறது?" என்றார். உங்கள் ரேடியோவும் ஒன்பது நாளாகப் பேசவில்லை.

இன்ஜின் கிடங்கில் என் மேசைக்கு எதிரே நிற்கிறது. நான் கட்டிய கயிற்றை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

ஏற்றியது நான்தான் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிடு. எனக்காக நீ மறைத்தது போதும். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அதே விமானம் அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் கிளம்புகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால், தளத்தில் விளக்கு எரிந்தது என்று அர்த்தம்.

உன் தம்பி,
லுகாசி