அது புளிக்கரைசல் இல்லை

கோபி,

பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும் கறுப்புப் போத்தலில் இருப்பது புளிக்கரைசல் இல்லை. போன சனிக்கிழமை நீங்கள் மீன்குழம்பில் ஊற்றியதும் இதைத்தான். நான் றம் சாராயம் வடித்தபின் பானையில் மிஞ்சுகிற தண்ணீர் இது. அடுத்த முறை கரும்புப் பாகோடு இதைக் கலந்தால்தான் றம்முக்கு மணம் ஏறும். அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விடிய மூடியைத் திறந்து பார்த்தேன். பழுத்த அன்னாசி மணம், கோபி! மூன்று மாதமாக நான் தேடிய மணம்! உங்களை எழுப்ப ஓடி வந்து, அறை வாசலில் நின்றுவிட்டேன். உங்களுக்கு இன்னும் கோபமோ என்று பயம்.

"ஒரு போத்தல் ஊத்தைத் தண்ணிக்கே இந்தக் கத்துக் கத்துறீர்?" என்று அந்தச் சனிக்கிழமை கேட்டீர்கள். ஒஸ்லோவுக்கு வந்த பதினொரு வருடத்தில், யாரும் சொல்லாமல் நானாகத் தொடங்கிய ஒரே காரியம் இது. அதனால்தான் கத்தினேன்.

மத்தியானம் லோறென்ஸ்கூக்கிலிருந்து உங்கள் அக்கா இன்றைக்கும் சாப்பிட வருகிறா. மீன் வெட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். புளி மேல்தட்டில், வெள்ளை மூடிப் போத்தல். கறுப்புப் போத்தலைத் தொடவே வேண்டாம். ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். இன்றைக்கு இருவருமாக வடிப்போம், வாருங்கள்.

மயூரா

பி.கு.: சப்பாத்துப் போடும்போது அக்காவின் செய்தி வந்தது: "போன கிழமை தம்பி வைச்ச அதே குழம்புதான் வேணும். அப்பிடியொரு ருசி!" கறுப்புப் போத்தலிலிருந்து அரைக் கோப்பை ஊற்றி அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். அதைப் போடுங்கள். அதற்குமேல் ஒரு சொட்டும் கிடையாது.